தொடவிடாத மையத்துக்கே நம் பிள்ளைகளை அனுப்புவோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் சென்ற ஞாயிறு இணைப்பில், வெளிநாடுகளில் உள்ள வனவிலங்கு மீட்பு மையங்களுக்குத் தன்னார்வத் தொண்டு செய்யப் போகும் நம் இளைஞர்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். விடுமுறையை வீணாக்காமல், யாரென்றே தெரியாத ஓர் உயிருக்காகக் கடல் கடந்து போய் உழைக்க நம் பிள்ளைகள் முன்வருகிறார்கள் என்பது நெஞ்சை நிறைக்கும் செய்தி. ஆனால் கட்டுரையின் மேலே அரைப் பக்க அளவில் அச்சிட்டிருந்த படம் என்னை உறங்கவிடவில்லை. ஒரு கல்லூரி மாணவி குரங்குக் குட்டி ஒன்றை மார்போடு அணைத்துப் பால்புட்டியை அதன் வாயில் வைத்திருக்கிறார். இருவர் முகமும் கேமராவைப் பார்க்கின்றன. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எத்தனை வீடுகளில் 'நானும் போகிறேன்' என்று பிள்ளைகள் சொல்லியிருப்பார்கள் என்பதை எண்ணியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் கண்டனூரைச் சேர்ந்தவள். காரைக்குடி வட்டாரப் பள்ளியொன்றில் 31 ஆண்டுகள் உயிரியல் கற்பித்து 2018இல் ஓய்வு பெற்றேன். மறு வருடம், மலேசியாவின் சபா மாநிலத்தில் சண்டாக்கான் நகரை அடுத்த ஒரு மீட்பு மையத்தில் நான்கு வாரங்கள் தன்னார்வலராக வேலை செய்தேன். எங்கள் வீட்டில் மலேயா என்பது புதிய சொல் அல்ல. என் ஐயா பதினாறு வயதில் வணிகத்துக்காக, எங்கள் வழக்கில் 'கொண்டு விற்க', பினாங்குக்குக் கப்பலேறி, கிட்டங்கி என்னும் வணிகக் கூடத்தில் தங்கிக் கணக்கெழுதியவர். எங்கள் வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தைச் சுற்றி, நிற்கும் தூண்கள் பர்மாத் தேக்கு. யானைகள் காட்டிலிருந்து இழுத்து வந்து ஆற்றில் தள்ள, மிதந்து துறைமுகம் சேர்ந்து, கப்பலில் வந்த மரம் என்று அப்பத்தா சொல்லக் கேட்டு வளர்ந்தோம். முகப்பில் ஒரு ஜோடி மான்கொம்பும் உண்டு. அந்தக் கரையின் காடுகளிலிருந்து எங்கள் வீட்டுக்கு இவ்வளவு வந்திருக்கிறதே, பதிலுக்கு நாம் என்ன செய்தோம் என்ற கேள்வி பணியில் இருந்த காலத்திலேயே மனத்தில் விழுந்துவிட்டது. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேர் விமானம் இருக்கிறது. அங்கிருந்து சண்டாக்கான் மூன்று மணி நேரத்துக்குள். சபாவுக்குள் நுழையும்போது குடிவரவு அதிகாரி மறுபடியும் ஒரு முத்திரை குத்துவார், ஏனெனில் அந்த மாநிலத்துக்குத் தனிக் குடிவரவுக் கட்டுப்பாடு உண்டு. இவ்வளவுதான் பயணம்.

வேலை என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத்தான் விளம்பரங்கள் மறைக்கின்றன. காலை ஆறு மணிக்குச் சமையற்கூடம். சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பப்பாளி, வாழைப்பழம், காராமணிக்காய் ஆகியவற்றைக் கழுவி, நறுக்கி, ஒவ்வொரு விலங்குக்கும் எழுதி வைத்திருக்கும் அட்டையைப் பார்த்துத் தராசில் நிறுத்துத் தனித்தனி வாளியில் போட வேண்டும். அரிவாள்மனையில் உட்கார்ந்து நறுக்கிப் பழகிய கை எனக்கு. அங்கே நின்றுகொண்டே பெரிய கத்தியால் நறுக்க வேண்டியிருந்ததால் முதல் மூன்று நாள் இடுப்பு வலியில் இரவில் புரளக்கூட முடியவில்லை. பிறகு கூண்டு கழுவுதல். விலங்கைப் பக்கத்து அறைக்கு மாற்றிக் கதவு பூட்டியதைப் பொறுப்பாளர் சரிபார்த்த பின்னரே நாங்கள் உள்ளே போவோம். எச்சத்தைச் சுரண்டி, தண்ணீர் பீய்ச்சி, கிருமிநாசினி தெளித்து, தேய்த்து, மீண்டும் கழுவி, தரை உலர்ந்த பிறகு புதிய இலைதழைகளைப் பரப்பி வர வேண்டும். மழைக்காட்டு ஈரத்தில் ரப்பர்க் காலணிக்குள் பாதம் எந்நேரமும் ஊறிப்போயிருக்கும். இரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சிக்கு உப்பு வைத்திருப்போம். மதியத்துக்கு மேல் மறுநாளுக்கான இலை வெட்டுவது, கயிறு பின்னுவது, பதிவேடு எழுதுவது. நான்கு வாரத்தில் ஒரே ஒரு விலங்கைக்கூட நான் தொடவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த வேலை சூரியக் கரடிகளுக்கு மூங்கில் அடைப்பது. கரடி இனங்களில் ஆகச் சிறியது இது. மார்பில் மஞ்சள் பிறை போன்ற அடையாளம் இருக்கும். மலாய்க்காரர்கள் இதைத் தேன்கரடி என்கிறார்கள். மரப்பொந்துக்குள் விட்டுத் தேனை வழித்தெடுக்க இருபது சென்டிமீட்டருக்கு மேல் நீளும் நாக்கும், மரத்தைப் பிளக்கும் வளைந்த நகங்களும் இதற்கு உண்டு. பித்தத்துக்காகவும் பாதத்துக்காகவும் தாயைக் கொன்று, குட்டியைக் கொண்டுபோய் வீட்டுக் கூண்டில் வளர்க்கிறார்கள். அப்படி மீட்டு வந்த கரடிகளில் ஒன்று, இரும்புக் கூண்டில் பல வருடம் கிடந்ததால், விசாலமான இடத்துக்கு வந்த பிறகும் நான்கு அடி முன்னால், நான்கு அடி பின்னால் என்று அதே கூண்டின் அளவுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது. அந்த நடையை நிறுத்துவதற்கான மருந்துதான் மூங்கில். ஒரு முழ நீளக் குழாயில் ஓரிரு துளை போட்டு, உள்ளே வெந்த கிழங்கும் விரல் நுனியளவு தேனும் வைத்து, வாயை ஈர இலையால் இறுக்கி அடைத்து, மரக்கிளையில் கட்டிவிட வேண்டும். கரடி முதலில் மோப்பம் பிடிக்கும். நகத்தால் உருட்டும். துளையில் நாக்கை விட்டுத் துழாவும். பிறகு பொறுமையிழந்து பல்லால் கடித்து நார்நாராகக் கிழிக்கும். அந்த 'கறுக் கறுக்' சத்தம் நாங்கள் நிற்கும் மேடை வரை கேட்கும். நான் கட்டிய குழாயைத் திறக்க அந்தக் கரடிக்கு இருபத்து மூன்று நிமிடம் ஆயிற்று. அந்த இருபத்து மூன்று நிமிடமும் அது முன்னும் பின்னும் நடக்கவில்லை. அதைப் பதிவேட்டில் எழுதியபோது என் கை நடுங்கியது.

சபாவில் இந்தக் கரடிகளுக்கென்றே ஒரு பாதுகாப்பு மையத்தை வோங் சியூ தே என்ற உயிரியலாளர் 2008இல் நிறுவினார். அங்கே வளர்ந்த நடாலி என்ற பெண் கரடி 2015இல் தபின் வனவிலங்குக் காப்பகத்தில் விடப்பட்டது. தாயை இழந்த ஒரு குட்டியைக் கரடியாகவே வளர்த்துக் காட்டுக்குத் திருப்பி அனுப்ப எவ்வளவு பேர் எத்தனை வருடம் தள்ளி நின்று உழைக்க வேண்டும் என்பது அந்த மேடையில் நின்ற எனக்குத் தெரியும்.

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன். இரண்டாம் வாரத்தில் ஒரு நாள், இளங்குட்டிகள் இருக்கும் கட்டடத்துக்குத் துண்டு மடித்துக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒராங்குட்டான் என்ற மனிதக்குரங்கின் குட்டி ஒன்று. வயது ஒன்றுக்கும் குறைவு என்றார்கள். சணல் சாக்கு ஒன்றைச் சுருட்டி நான்கு கைகளாலும் கட்டிக்கொண்டு கிடந்தது. ஆம், நான்கு கைகள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது, அதன் கால்களும் பிடிப்பதற்கே ஆனவை. தாயின் மயிரைப் பற்றிக்கொள்ளப் பிறந்த விரல்கள் சணலைப் பற்றியிருந்தன. என்னைக் கண்டதும் ஒரு கையை மட்டும் விடுவித்து நீட்டியது. கதவு பாதி திறந்திருந்தது. இரண்டு பிள்ளை பெற்றவள் நான்; யோசிக்காமல் ஓரடி எடுத்து வைத்துவிட்டேன். அங்கிருந்த பராமரிப்பாளர், என்னைவிட இருபது வயது இளையவர், கதவுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்று, 'ஜாங்கான்' என்றார். மலாய் மொழியில் 'வேண்டாம்' என்று பொருள். குரலை உயர்த்தவில்லை. கதவை மூடிவிட்டுத் துண்டை வாங்கிக்கொண்டார்.

அன்று எனக்கு வருத்தமாகவே இருந்தது. பிறகு மருத்துவர் உட்கார வைத்து விளக்கினார். ஒராங்குட்டானின் உடல் நமக்கு மிக நெருங்கியது. நமக்குச் சாதாரணச் சளியாக வருவது அதன் நுரையீரலைத் தாக்கும், நம் காசநோய் அதற்கும் தொற்றும். இது முதல் காரணம். இரண்டாவது இன்னும் பெரிது. காட்டில் ஒராங்குட்டான் குட்டி ஆறேழு வருடம் தாயோடே இருக்கிறது. தாய் அடுத்த குட்டி ஈனுவதும் ஏறத்தாழ அவ்வளவு காலம் கழித்துத்தான். எந்தக் கனி எப்போது பழுக்கும், எந்தப் பட்டையை உரித்துத் தின்னலாம், மாலையில் கிளைகளை மடக்கிப் படுக்கை பின்னுவது எப்படி என்பதையெல்லாம் குட்டி பார்த்துப் பார்த்துக் கற்கிறது. அந்தப் பள்ளிக்கூடத்தை மனிதர்கள் போலியாகவாவது நடத்தும்போது, எப்போதும் அதே ஓரிரு பராமரிப்பாளர்கள் மட்டும் தாயின் இடத்தில் இருந்து, பிறகு அவர்களும் மெல்ல மெல்ல விலக வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதிதாக வந்து கொஞ்சிவிட்டுப் போகும் என்னைப் போன்றவர்களிடம் பழகிய குட்டி, ஒவ்வொரு முறையும் தாயை இழக்கும். பெரிதான பின் மனிதரைக் கண்டால் ஓடாமல் அருகே வரும். எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் மனிதரை நோக்கி இறங்கி வரும் ஒராங்குட்டானுக்கு நேர்வது துப்பாக்கிச் சூடு.

சண்டாக்கானுக்கு அருகிலேயே, 43 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காப்புக்காட்டின் விளிம்பில், 1964இல் தொடங்கப்பட்ட சிபிலோக் ஒராங்குட்டான் மறுவாழ்வு மையம் இருக்கிறது. அங்கே காட்டுக்குள் விடப்பட்டவற்றுக்கு மேடையில் உணவு வைக்கிறார்கள். அந்த உணவை வேண்டுமென்றே மாற்றமில்லாமல், சலிப்பூட்டும்படி வைத்திருப்பார்கள். அலுத்துப்போய்க் காட்டில் தானே தேடித் தின்னட்டும் என்பதற்காக. விருந்தினருக்கு இலை நிறையப் பரிமாறி, 'இன்னும் கொஞ்சம்' என்று வற்புறுத்தியே பழகிய செட்டிநாட்டுக்காரிக்கு, குறைவாகவும் சுவையில்லாமலும் பரிமாறுவதிலும் அன்பு இருக்க முடியும் என்பது புதிய பாடம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். என்னிடம் படித்த பெண் ஒருத்தி, என் கதையைக் கேட்டு ஆசைப்பட்டு, இரண்டு வருடத்துக்கு முன், பெருநகரம் ஒன்றில் உள்ள முகவர் நிறுவனம் மூலமாக ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டித் தென்கிழக்கு ஆசியக் கடற்கரைச் சுற்றுலா நகரம் ஒன்றுக்குப் போனாள். 'அனாதைக் கிப்பன் குட்டிகளுக்குத் தாயாக இருங்கள்' என்பது விளம்பரம். கிப்பன் வாலில்லாத குரங்கு. மர உச்சியை விட்டுப் பெரும்பாலும் இறங்காத இனம். காலையில் பால் புகட்ட வேண்டும். பத்து மணிக்குக் குட்டிக்குச் சட்டை மாட்டி, சுற்றுலாப் பயணிகள் படமெடுத்துக்கொள்ள அவர்கள் தோளில் ஏற்ற வேண்டும். சட்டையைக் கழற்றியபோது இடுப்பைச் சுற்றிச் சங்கிலி அறுத்த தடம் இருந்ததை அவள் மூன்றாம் நாள் பார்த்திருக்கிறாள். ஆறு வாரத்தில் இரண்டு புதிய குட்டிகள் வந்தன, ஒன்று காணாமல் போயிற்று. கேட்டதற்குக் 'காட்டில் விட்டாயிற்று' என்றார்களாம். பால் மறக்காத குட்டியைக் காட்டில் விட முடியாது என்பது பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். உச்சிக்கிளையில் இருக்கும் தாயைச் சுட்டு வீழ்த்தித்தான் கிப்பன் குட்டியைப் பிடிக்க முடியும்; விழும்போது குட்டியும் சாவது உண்டு. அப்படிப் பிடித்தது வளர்ந்து கோரைப்பல் முளைத்ததும் கடிக்கத் தொடங்கும். கடிக்கும் குரங்கை வைத்துப் படமெடுக்கும் தொழில் நடக்காது. திரும்பி வந்த அன்று அவள் நேரே என் வீட்டுக்கு வந்து, முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து, 'டீச்சர், நான் கட்டின பணத்துல அடுத்த குட்டியப் புடிச்சிருப்பாகளா?' என்று கேட்டாள். என்னால் 'இல்லை' என்று சொல்ல முடியவில்லை.

இது அந்த ஓர் இடத்தோடு நிற்கும் கதை அல்ல. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் புலிக் கோயில் என்று பெயர் பெற்றிருந்த மடாலயத்தில், பல நாட்டுத் தன்னார்வலர்கள் புலிக்குட்டிகளுக்குப் பால் புகட்டி, நன்மை செய்கிறோம் என்று நம்பி வேலை பார்த்தார்கள். 2016இல் அதிகாரிகள் அங்கிருந்து 137 புலிகளை வெளியேற்றியபோது, உறைபெட்டியில் 40 புலிக்குட்டிகளின் உடல்கள் இருந்தன. தென்னாப்பிரிக்காவில், பிறந்த சில நாளிலேயே தாயிடமிருந்து பிரித்த சிங்கக்குட்டிகளை அனாதைகள் என்று சொல்லித் தன்னார்வலர்களிடம் வளர்க்கக் கொடுத்து, வளர்ந்த பின் வேலி போட்ட வளைப்புக்குள் விட்டுப் பணக்கார வேட்டைக்காரர்களுக்கு இலக்காக்கிய பண்ணைகள் இருந்தன. கூண்டில் சிங்கம் வளர்க்கும் தொழிலையே முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக அந்நாட்டு அரசு 2021இல் அறிவிக்க வேண்டியதாயிற்று. பால்புட்டி பிடித்த கைகளில் கெட்ட எண்ணம் இல்லை. அந்த நல்ல எண்ணத்தை விலைபேசி விற்றவர்கள்மீதே என் கோபம்.

தேவாங்கை நம் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்க் காட்டில் அதற்கென்றே 2022இல் சரணாலயம் அறிவித்தார்கள். அதன் தென்கிழக்கு ஆசிய உறவினமான மெதுநடைத் தேவாங்குக்கு முழங்கைக்கு அருகில் ஒரு சுரப்பி உண்டு. அதை நக்கி எச்சிலோடு கலந்தால் கடி நஞ்சாகும். அக்குளில் கூச்சம் காட்டினால் கைகளை உயர்த்திக்கொண்டு 'சிரிக்கும்' தேவாங்குப் படங்களை நீங்கள் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். அது கூச்சமன்று, அஞ்சி, நஞ்சுச் சுரப்பியை வாய்க்கு எட்டச் செய்யும் தற்காப்பு. கடிக்காமல் இருக்க விற்பவர்கள் மயக்கமருந்தில்லாமல் நகவெட்டியால் பல்லை நறுக்கிவிடுகிறார்கள். பல் போனதைக் காட்டில் விட முடியாது; ஆயுள் முழுக்க மீட்பு மையமே அதன் வீடு. அப்படியொரு தேவாங்குக்குப் பழத்தை மசித்துக் கொடுத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

'வேலையும் பார்த்துப் பணமும் கட்டுவதா?' என்று என் கொழுந்தனார் கேட்டார். ஊரில் பலரும் கேட்பது அதுதான். கட்டத்தான் வேண்டும். பயிற்சியில்லாத என் இரண்டு கைகளைவிட, நான் கட்டிய பணத்தில் அந்த ஊர்ப் பராமரிப்பாளர் ஒருவருக்குக் கிடைக்கும் சம்பளம் விலங்குக்கு அதிகப் பயன். அவர் பத்து வருடம் அங்கே இருப்பார், நான் நான்கு வாரம். 2020 மார்ச்சில் கொரோனா கட்டுப்பாடு வந்து பார்வையாளர் வரவு நின்றபோதும் விலங்குகளின் வயிறு நிற்கவில்லை. எனவே பணம் கேட்பதால் ஓர் இடம் கெட்டதாகிவிடாது. பணம் எதற்குப் போகிறது என்று கேட்டால் பதில் வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். மீட்ட விலங்கு எங்கிருந்து வந்தது, வனத்துறையின் தாள் இருக்கிறதா, சென்ற ஆண்டு எத்தனை திரும்பக் காட்டுக்குப் போயின, திரும்ப முடியாதவை எங்கே இருக்கின்றன, குட்டிகள் அங்கேயே பிறக்கின்றனவா என்று எழுதிக் கேளுங்கள். நல்ல மையம் வரிக்கு வரி பதில் எழுதும். எந்நேரமும் கைக்குழந்தை வயதிலேயே விலங்குகள் இருக்கும் இடத்தில், வளர்ந்தவை எங்கே என்று கேட்கத் தயங்காதீர்கள். 2007இல் தொடங்கப்பட்ட உலக விலங்குச் சரணாலயங்கள் கூட்டமைப்பு, இனப்பெருக்கம் செய்து விற்பதும் பார்வையாளரைத் தொடவிடுவதும் இல்லாத இடங்களுக்கே சான்று வழங்குகிறது. அதன் பட்டியலில் இல்லாத நல்ல சிறு மையங்களும் உண்டு, ஆனால் தேடலை அங்கிருந்து தொடங்கலாம்.

உடல்நலச் சான்றில் ஒரு செய்தியை நம் பிள்ளைகள் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. குரங்கினங்கள் உள்ள மையங்கள் காசநோய்ப் பரிசோதனை கேட்கும். நம் தோளில் உள்ள பி.சி.ஜி. தடுப்பூசித் தழும்பின் காரணமாக, தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை நோயில்லாதவருக்கும் வீக்கம் காட்டக்கூடும். எனக்கு அப்படித்தான் ஆயிற்று. ஒரு வாரம் கலங்கிப்போய், பிறகு இரத்தப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்து அனுப்பிய பின்னரே ஒப்புதல் வந்தது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி, டெட்டனஸ், மஞ்சள்காமாலைத் தடுப்பூசி ஆகியவற்றை மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். இவை எதையும் கேட்காத மையம் உங்கள் உடலையும் மதிக்கவில்லை, விலங்கின் உடலையும் மதிக்கவில்லை. சுற்றுலா விசாவில் தன்னார்வ வேலை செய்யப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை என்பதையும் முகவர்கள் சொல்வதில்லை. மையத்திடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இங்கிருந்து அங்கே போகும் தொண்டர்களைப் பற்றிப் பேசும்போது, இங்கும் அங்கும் போய் வரும் விலங்குகளை மறக்க முடியவில்லை. பாங்காக்கிலிருந்து வந்திறங்கும் பயணிகளின் பெட்டிகளில் குரங்குக் குட்டியும் பாம்பும் பல்லியும் அடைத்துவந்து சென்னை விமான நிலையத்தில் பிடிபட்ட செய்திகளைத் தங்கள் நாளிதழே எத்தனை முறை வெளியிட்டிருக்கிறது! நம் புதர்க்காட்டு நட்சத்திர ஆமை, வீட்டில் இருந்தால் அதிர்ஷ்டம் என்ற நம்பிக்கையால் கட்டுக்கட்டாகச் சாக்கில் போட்டு மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் சிங்கப்பூருக்கும் கடத்தப்படுகிறது; 2019இல் அதன் பன்னாட்டு வணிகமே தடைசெய்யப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, சிங்கப்பூரில் மீட்ட 51 நட்சத்திர ஆமைகளை அங்குள்ள ஏக்ரஸ் என்ற அமைப்பு விமானத்தில் ஏற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பியது. நம் ஊர் ஆமைக்கு அங்கே யாரோ வாளி கழுவியிருக்கிறார்கள். காடு அழியும் காரணத்திலும் நம் அடுப்படிக்குப் பங்குண்டு: எண்ணெய்ப்பனை எண்ணெயை உலகிலேயே அதிகமாக இறக்குமதி செய்யும் நாடு இந்தியா, நியாயவிலைக் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்கு நாம் வாங்கி முறுக்குச் சுடும் பாமாயில், பெரும்பாலும் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் விளைந்தது. ஏழை வீட்டு வாணலியை நான் குறை சொல்லவில்லை. சண்டாக்கானுக்கு இறங்கும் விமானத்தின் சன்னலில் கண்ணுக்கெட்டிய மட்டும் ஒரே வரிசையாக எண்ணெய்ப்பனை தெரிந்தபோது, அந்த வாணலி என் நினைவுக்கு வந்தது, அவ்வளவே.

விமானம் ஏற வசதியில்லாத பிள்ளைகள் என்ன செய்வது என்று கேட்பார்கள். எங்கள் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் அருகே வேட்டங்குடிக்குப் போய் வாருங்கள். 1977இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தக் கண்மாய்களுக்கு மழைக்காலம் பிறந்ததும் நத்தைக்குத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் வக்காவும் கூடு கட்ட வருகின்றன. பறவை மிரண்டுவிடும் என்று கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, தலைமுறைகளாக இப்படி. அந்த ஊர்க் குழந்தைகள் எந்தப் பறவையையும் கையில் ஏந்திப் படமெடுத்துக்கொள்வதில்லை. எனக்கு ஒன்பது வயதில், உறவினர் வீட்டுக்குப் போன இடத்தில், மரத்தடியில் கிடந்த கொக்குக் குஞ்சு ஒன்றை மடியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பருப்புச்சோறு பிசைந்து ஊட்டினோம். அக்காமார் மூவரும் மாறிமாறித் தூக்கிவைத்துக்கொண்டோம். மூன்றாம் நாள் காலை வளவின் ஓரத்தில் கழுத்து சாய்ந்து கிடந்தது. அப்பத்தா திட்டவில்லை, 'அதுக்குத் தெரிஞ்ச சோறு நமக்குத் தெரியாதுல்ல ஆத்தா' என்று மட்டும் சொன்னார். ஐம்பது வருடம் கழித்து, கடல் கடந்த ஒரு நாட்டில், மூடிய கதவுக்கு முன்னால் நின்றபோது அந்தச் சொல்தான் காதில் விழுந்தது.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். இத்தகைய கட்டுரைகளைத் தொடர்ந்து வெளியிடுங்கள். ஆனால் வனவிலங்கை அணைத்தபடி நிற்கும் மனிதரின் படத்தை அதனோடு அச்சிடாதீர்கள். நூறு வரிகளில் எழுதிய எச்சரிக்கையை அந்த ஒரு படம் தோற்கடித்துவிடும். வாளி, கத்தி, ரப்பர்க் காலணி, கிளையில் தொங்கும் மூங்கில் குழாய் இவற்றைப் படமெடுத்துப் போடுங்கள். விளம்பரப் பகுதியிலும் 'குட்டிகளைக் கொஞ்சலாம்' என்று அழைக்கும் அறிவிப்புகளை ஏற்பதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள்.

கிப்பன் குட்டிகளைப் பார்த்து அழுதுகொண்டு திரும்பிய அந்தப் பெண், இந்த வருடம் மீண்டும் விண்ணப்பித்திருக்கிறாள். இம்முறை முகவர் இல்லாமல், மையத்துக்கே நேரடியாக. சென்ற வாரம் பதில் வந்தது. மூன்று பக்கக் கடிதம்: என்னென்ன பரிசோதனைகள், கட்டணத்தில் எவ்வளவு எதற்குச் செலவாகும், சளி பிடித்தால் கூண்டுப் பக்கம் வரக்கூடாது, படம் எடுக்க அனுமதி கேட்க வேண்டும், எந்த விலங்கையும் தொட அனுமதியில்லை. அவள் அம்மா அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்து, 'என்ன டீச்சர், இவ்வளவு கண்டிப்பா இருக்காகளே, இங்க அனுப்பலாமா?' என்று கேட்டார். அனுப்புங்கள் என்றேன். நாளை மறுநாள் காரைக்குடியில் அவளுக்கு இரத்தப் பரிசோதனை. நானும் உடன் போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
கண்டனூர், சிவகங்கை மாவட்டம்.